தொப்பைவாலி கலைப்புத் தீர்மானம்

உலகத்து உயிரினங்களைப் படைத்தது யார் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே பல கருத்துகள் உண்டு. அவற்றுக்கு வகை கொடுத்தது யார் என்பதில் மட்டும் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. நான்தான். சந்தேகம் இருப்பவர்கள் என் அறைக் கதவில் தொங்கும் பலகையைப் படித்துக்கொள்ளலாம்: 'தலைமை உயிரின வகைப்பாட்டாளர்'. படித்துவிட்டு உள்ளே வர விரும்பினால், கதவு கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். இடது தோளால் இடிக்க வேண்டும். பதினான்கு வருடமாக நான் அப்படித்தான் இடிக்கிறேன்.

எங்கள் நிறுவனம் மோதல் அட்டைகள் தயாரிக்கிறது. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு விசித்திர உயிரினத்தின் படம், அதன் வகை, கீழே இரண்டு வரியில் அதன் குணம். ஆடுகிறவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து தங்கள் உயிரினங்களை ஏவி மோதவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு பல் டாக்டர், நோயாளியை 'ஆ' என்று திறக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் ஓர் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு வந்ததாகப் பெருமையோடு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோம். நோயாளியும் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதை மாட்டவில்லை.

எங்களிடம் நாற்பத்தொரு வகைகள் உண்டு. இருமும் காளான், வக்கீல் தவளை, குடை பிடித்த நண்டு, மாடிப்படி ஏற மறுக்கும் ஆமை என்று போகும் அந்தப் பட்டியல். வாய்க்கு வந்தபடி வைத்த பெயர்கள் அல்ல இவை. என்னிடம் ஒரு படிவம் இருக்கிறது. ஓவியர் படத்தைக் கொண்டுவந்து வைத்தால், படத்தை மட்டும் பார்த்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுவேன். எத்தனை கால்? வாய்க்குள் என்ன தெரிகிறது? ஓயாமல் அசையும் உறுப்பு எது? மூன்றாவது பதிலிலிருந்து வகையின் பெயர் பிறக்கும். சொந்த அபிப்பிராயம், பாசம், பரிதாபம் எதற்கும் படிவத்தில் கட்டம் கிடையாது. அதுதான் அதன் அழகு.

படங்களின் பாணியும் சும்மா இருந்ததில்லை. ஆரம்பத்தில் எண்ணெய் வண்ணப் பருவம். எல்லாம் ஒரே பழுப்பு. உயிரினம் எங்கே என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தேட வேண்டும். பிறகு பாணி ஆலோசகர் என்று ஒருவர் கழுத்தில் சால்வையோடு வந்தார். அவர் வந்ததும் தசைப் பருவம் பிறந்தது. காளானுக்குப் புஜம் வந்தது, ஆமைக்கு வயிற்றில் ஆறு கட்டு விழுந்தது. அடுத்து ஒளிப் பருவம். கண், வாய், காது, எங்கெங்கே ஓட்டை உண்டோ அங்கெல்லாம் நீல வெளிச்சம் பீறிட்டது. அதற்கடுத்து ஒற்றைக்கோட்டுப் பருவம். உயிரினத்தை ஒரே கோட்டில் வரைய வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் அட்டை காலியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். "மக்கள் இன்னும் வளரணும்" என்றார் ஆலோசகர். நாங்களும் ஆமாம் வளரணும் என்றோம்.

இத்தனை பருவத்திலும் மாறாமல் இருந்தது ஓர் உயிரினம்தான்: தொப்பைவாலி. முயல் அளவு இருக்கும். தொப்பை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் வாலில் இருக்கும். களைத்துப்போனால் அதன்மேலேயே உட்கார்ந்துகொள்ளும். யாரையும் கடிக்காது. எதிராளி தாக்கினால் அப்படியே சாய்ந்து, வால் குலுங்கக் குலுங்க எழுந்துகொள்ளும். மொத்தம் நான்கே அட்டைகள். நான்கையும் வரைந்தது என் தங்கை; அவளுக்கென்று இருந்த ஒரே வகையும் அதுதான்.

அவளும் இங்கேதான் ஓவியர். வடக்கு ஜன்னலோரம் பதினோரு வருடமாக அதே நாற்காலி, அதே சாய்வுப் பலகை. முதல் தொப்பைவாலியை அவள் வரைந்தது இங்கே அல்ல. அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரைந்தாள். நோட்டைப் பாழாக்கிவிட்டாளே என்று கத்தப் போனவன், படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டேன். "இதுக்கு என்ன பேருண்ணா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்பது வயது. படிவம் இல்லாமலே பதில் சொன்னேன்.

இங்கே விதிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் இயக்குநர் ஒருநாள் தம் கைப்பட எழுதியவை. பதினோரு வருடத்துக்குள் ஐந்து அட்டைகள் சேராத வகை கலைக்கப்படும். ஐந்து நிறைந்த வகையைக் கலைக்க எவருக்கும் அதிகாரமில்லை. சொந்தமாக ஒரு வகையாவது உயிரோடு வைத்திருக்கும் ஓவியருக்கே இங்கு நாற்காலி. வகைக் குழுவின் ஐந்து பேரில் ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து நின்று "இது சரியில்லை" என்று வாயால் சொன்னால் போதும், எந்த விதியும் நிறுத்திவைக்கப்படும். எவ்வளவு ஜனநாயகம் பாருங்கள். அந்தக் கடைசி விதியைப் பயன்படுத்த வேண்டிய அவசியம் இதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை என்பதே எங்கள் நிர்வாகத்தின் சிறப்பு.

ஐந்தாவது தொப்பைவாலியைத் தங்கை ஒரு வியாழக்கிழமை காலை கொண்டுவந்தாள். அருமையான படம். மழையில் நனைந்து, தன் வாலைப் பிழிந்துகொண்டிருந்தது. சிக்கல் என்னவென்றால், புதன்கிழமை சாயங்காலமே பருவம் மாறிவிட்டது. இனி எந்த வகைக்கும் விலக்கில்லாமல் 'செல்லப் பருவம்' என்று சுற்றறிக்கை வந்திருந்தது: கண்கள் முகத்தில் பாதி இருக்க வேண்டும், மூக்கு புள்ளியாக இருக்க வேண்டும், கொசுவானாலும் கன்னத்தில் ரோஜா நிறம் வேண்டும். தங்கை வரைந்திருந்ததில் கண்கள் கண்ணளவில் இருந்தன.

"இது தொப்பைவாலி இல்லன்னு உன்னால சொல்ல முடியுமாண்ணா?"

"சொல்லவே முடியாது. ஆனா இது இந்தப் பருவத்துத் தொப்பைவாலி இல்லையே."

"நாளைக்குக் கூட்டம். நீ ஒருத்தன் எந்திரிச்சுச் சொன்னா போதும். எனக்கு இந்த ஜன்னல விட்டா வேற எடம் கிடையாது, உனக்கே தெரியும்."

பார்க்கலாம் என்றேன். 'பார்க்கலாம்' என்பது எங்கள் அலுவலகத்தில் மிக உயர்ந்த சொல். அதற்குமேல் யாரும் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

மறுநாள் கூட்டம். நீள மேஜை, பிஸ்கட் தட்டு, தலைமாட்டில் இயக்குநர். குழுவில் ஐந்து பேர்: சால்வை ஆலோசகர், இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்திருக்கும் விற்பனைக்காரர், கட்டைவிரலில் மை போகாத அச்சகக்காரர், பென்சிலைக் கடித்தே தீர்க்கிற, அட்டைகளுக்குக் குணம் எழுதுகிறவர், பிறகு நான். ஓவியர்கள் மூலையில் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது. தங்கை மடியில் வரைநோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"தொப்பைவாலிய கலைச்சு, ஆமையோட சேத்துடலாம்ல?" என்றார் இயக்குநர்.

வாலுக்கும் ஆமையோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கேள்வி என் நெஞ்சில் கிளம்பியது உண்மை. தொண்டை வரைக்கும் வந்தது. இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பக்கத்தில் நான்கு தலைகளும் ஆடின. ஒரு தலைகூட முந்தவில்லை, பிந்தவில்லை, வருடக்கணக்கான பயிற்சி. மூலையில் தங்கையின் பென்சில் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. பாவம், மனசு தாங்காமல் ஏதோ கிறுக்குகிறாள் என்று நினைத்தேன். ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

நாற்காலி இழந்த ஓவியர் முப்பது நாளுக்குள் ஐந்து 'விடைபெறும் படங்கள்' கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது நடைமுறை. அந்த முப்பது நாளும் தங்கை என்னோடு பேசவில்லை. வீட்டில் என் மனைவியும் தேவைக்குமேல் பேசவில்லை. "கூடப்பிறந்தவளுக்காக ஒரு வார்த்த பேசத் தெரியாதவருக்கு என்கிட்ட மட்டும் என்ன பேச்சு?" என்று ஒருமுறை கேட்டாள். அலுவலக ரகசியங்களை வீட்டில் விவாதிப்பதில்லை என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் படங்கள் வந்தன. சும்மா சொல்லக் கூடாது, செல்லப் பருவம் என்றால் இதுதான் செல்லப் பருவம். ஐந்து குட்டி உயிரினங்கள், ஒன்றைவிட ஒன்று கொஞ்சத் தோன்றும். முகத்தில் பாதி கண், புள்ளி மூக்கு, ரோஜாக் கன்னம், நீண்ட மெல்லிய கழுத்து. ஐந்தும் படத்துக்கு வெளியே யாரையோ பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று இரண்டு காதிலும் இரண்டு நத்தைகளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. ஒன்றன் கழுத்தில் ஒரு பூரான் சால்வையாகத் தொங்கியது. ஒன்றுக்குக் கட்டைவிரல் மட்டும் கறுப்பு. ஒன்று சுள்ளியைக் கடித்துக்கொண்டிருந்தது. கடைசி ஒன்றுக்கு உடம்பெல்லாம் புசுபுசுவென்று மயிர். இடது தோளில் மட்டும் தேய்ந்து வழுக்கை.

குழு உருகிவிட்டது. விற்பனைக்காரர் நத்தைக்காரனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆலோசகர் பூரான் சால்வையின் ரசனையைப் புகழ்ந்தார். எனக்கு அந்த வழுக்கைத் தோள்காரன்மேல் ஏனோ ஒரு தனிப் பாசம். என்ன ஒரு அப்பாவி முழி என்று மேஜையைச் சுற்றி எல்லோருக்கும் காட்டினேன். அப்படியே கொஞ்சத் தோன்றுகிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு கடமை. படிவத்தை எடுத்தேன். கால், இரண்டு. வாய்க்குள், ஒன்றும் தெரியவில்லை, நாக்குக்கூட. ஓயாமல் அசையும் உறுப்பு? கழுத்தின் இருபுறமும் மேலும் கீழுமாகச் சின்னச் சின்ன அசைவுக் கோடுகள் போட்டிருந்தாள். ஐந்திலும் ஒரே மாதிரி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒரு புதிய வகையைக் கண்டுபிடித்த பெருமிதத்தோடு, கட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'தலையாட்டி'. குணம் எழுதுகிறவர் பென்சிலைக் கடித்தபடி, வகைக்குப் பொருத்தமாக இரண்டு வரி சேர்த்தார்: 'எதையும் மறுக்காது. பக்கத்தில் நிற்கும் உயிரினத்தையே எதிராளி கேட்டாலும், எடுத்துக் கொடுத்துவிடும்.' அச்சகக்காரர் அன்றைக்கே அச்சேற்றினார்.

அட்டை வந்து பத்தே நாளில் ஊரெல்லாம் தலையாட்டிதான். பல் டாக்டர் ஐந்தையும் சேகரித்துவிட்டதாக மறுபடியும் கடிதம் போட்டார். மாதிரிப் பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். இதையாவது பாராட்டுவாள் என்று ஒரு நப்பாசை. அவள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தாள். வழுக்கைத் தோள் அட்டையைக் கையில் எடுத்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த என் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். இடது தோள் கிழிந்திருந்தது.

"பதினாலு வருஷமா ஒரே எடத்துல தெச்சுட்டு இருக்கேன்," என்றாள். "எனக்குத் தெரியாதா இந்தத் தோளு?"

அன்றிரவு நான் தூங்கவில்லை. மற்ற நால்வரும் தூங்கவில்லை என்பது காலையில் அவர்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அவசரக் கூட்டம் கூட்டினோம். வழி மிகவும் சுலபம். ஐந்து நிறைந்த வகையைக் கலைக்க முடியாது என்ற விதி சரியில்லை என்று எங்களில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் சொல்லுங்கள் என்று வழியெல்லாம் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டே போனோம்.

இயக்குநர் ஐந்து அட்டைகளையும் வரிசையாகப் பரப்பி வைத்து ரசித்துக்கொண்டிருந்தார்.

"எங்கயோ பாத்த மூஞ்சி மாதிரியே இருக்குல்ல?"

ஐந்து பேரும் தலையாட்டினோம்.

"அடுத்த பருவத்துக்கு இன்னும் இருபது தலையாட்டி போடலாமா?"

ஆட்டினோம்.

"விதிப்படி ஓவியரம்மாவுக்கு நாற்காலி நிரந்தரம். அந்த ஜன்னல் அவங்களுக்குத்தான். சரிதானே?"

ஆட்டினோம். அந்த ஒன்றுக்கு மட்டும் நான் மனதாரத்தான் ஆட்டினேன். ஆனால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

கூட்டம் முடிந்ததும் வடக்கு ஜன்னலுக்குப் போனேன். தங்கை அடுத்த இருபதுக்குக் கோடு போட ஆரம்பித்திருந்தாள். பலகையின் மூலையில், மழையில் வாலைப் பிழியும் தொப்பைவாலியைக் குத்தி வைத்திருந்தாள். தலைமை வகைப்பாட்டாளருக்குரிய குரலை வரவழைத்துக்கொண்டு, கூடப்பிறந்தவனை இப்படி ஊர் சிரிக்கப் பண்ணலாமா என்று கேட்டேன்.

அவள் தலை நிமிரவில்லை. "நான் படந்தான் வரைஞ்சேன்," என்றாள். "அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி, பேரு வெச்சது நீதானேண்ணா?"

இல்லை என்று மறுக்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் தலை ஆடிவிட்டது.