போஸ்ட்மார்ட்டம் கவிழ்த்த சீட்டு

உத்திரமேரூர் வட்டாரத்தில் மூணு சீட்டு ஆடத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆடி முடித்த ஆட்டத்தை அறுத்துப் பார்க்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஊர் ரைஸ்மில்லில் இஞ்சின் ஓட்டியவர். ஆட்டத்தை அறுப்பதாலேயே அவர் பேர் போஸ்ட்மார்ட்டம். பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

தொண்ணூறுகளில் ஞாயிறு மதியம் மில் ஓடாது. நெல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆடுவோம். பந்தயம் வேர்க்கடலை. போஸ்ட்மார்ட்டம் அண்ணன் தண்ணிப் பானையை ஒட்டித்தான் உட்காருவார். கேட்டவனுக்கு மொண்டு கொடுப்பார். ஆனால் ஒரு ஆட்டம் முடிந்தால் அடுத்த சீட்டைப் போட விடமாட்டார். யார் எத்தனை தடவை பந்தயத்தை ஏற்றினான், எத்தனை தடவை பயந்து சீட்டைக் கவிழ்த்து விலகினான், எல்லாம் ஆள்வாரியாக மண்டைக்குள் இருக்கும்.

"பத்து தபா ஏத்தினா எட்டு தபா இவன் கையில ஜோடி கீது. அத்த தெரிஞ்சிக்கினே இன்னாத்துக்கு சீட்ட விரின்னு ஷோ கேட்ட?" என்று ஒருநாள் எதிரே ஆடியவனைக் காட்டி என்னைப் பிடித்தார் பாருங்கள், கடலை போனதைவிட அதுதான் வலித்தது.

வீட்டிலும் இதே பேஜார். பத்து குழம்பில் மூணு குழம்பு உப்பு தூக்கல் என்று அண்ணியிடம் கணக்கு சொன்னார். அந்த வாரம் முழுக்க அவருக்கு உப்பே இல்லாத குழம்பு.

இப்படிப்பட்டவரிடம்தான் ஏழுமலை மாட்டினான். எங்கள் செட்டுதான், கல்யாணமாகி மூணு மாசம். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டோம், மிச்சம் அவனும் அண்ணனும். கையில் கடலை தீர்ந்ததும் ரோஷத்தில், திருப்புலிவனத்து மாமனார் வாங்கிக் கொடுத்த புது சைக்கிளின் சாவியைத் தூக்கி நடுவில் போட்டான். அண்ணன் ஈடாகத் தன் வாட்சை வைத்து ஷோ கேட்டுத் தோற்றால் அது போகும், ஜெயித்தால் இவன் சைக்கிள் போகும்; கவிழ்த்துவிட்டால் நடுவில் கிடக்கும் கடலையோடு சரி. சாவியை எடுத்து உள்ளே வைடா என்று அண்ணனே சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே! தண்ணி கேட்டான், குடித்தான், மறுபடியும் கேட்டான்.

அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "இவ்ளோ தூரம் ஏத்தறான்னா பெருசா வெச்சிக்கினு கீறான். கணக்கு அப்டித்தான் சொல்லுது" என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

ஏழுமலை விரித்துக் காட்டினான். ஒன்றுக்கொன்று ஒட்டாத மூணு உதிரிச் சீட்டு, பெரிசே ஒன்பதுதான். நாங்கள் சிரித்த சிரிப்பில் மில் கூரை பிய்த்துக்கொள்ளாதது ஆச்சரியம். போஸ்ட்மார்ட்டத்துக்கே போஸ்ட்மார்ட்டம் என்று டீக்கடை வரைக்கும் கேலி. அவருக்கு இருந்த ஒரே பெருமை அந்தக் கணக்கு, அதுவும் போச்சு. அந்த ஆட்டத்தை மட்டும் அவர் அறுக்கவே இல்லை.

மனசு கேட்காமல் இஞ்சின் ரூமுக்குப் போய் விசாரித்தேன். கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பொய்யா ஏத்தினா அவன் தண்ணி கேப்பான். ஒரு தபா கூட தப்பினதில்ல. அன்னிக்கி ரெண்டு சொம்பு மொண்டு குடுத்தவன் நான்தானே?"

"அப்புறம் ஏண்ணா கவுத்தீங்க?"

"சைக்கிள் இல்லாம வூட்டுக்குப் போனா அந்தப் பொண்ணு மூஞ்சில எப்டி முழிப்பான்? என் கணக்குதானே போச்சி, போவட்டும். யாராண்டயும் சொல்லாத."

அண்ணன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. போஸ்ட்மார்ட்டத்தையே கவிழ்த்தவன் நான் என்று ஏழுமலை இன்றைக்கும் பீற்றிக்கொள்கிறான். அவன் ஆரம்பித்தாலே நான் ஒரு சொம்பு தண்ணி மொண்டு அவன் முன்னால் வைத்துவிடுவேன். அவனுக்குப் புரியாது. அண்ணன் இருந்தால் சிரித்திருப்பார்.