கேம் பெட்டியும் மச்சான் நாற்காலியும்

பழைய பேப்பர்க்காரரிடம் இரவல் வாங்கிய மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு கம்பெனிக் குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வந்தபோது, நெய்வேலியிலேயே கெட்டிக்காரன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியில் ஓர் இரும்புக் கட்டில், கிழிந்த சோபா, கிரைண்டர், தொட்டியோடு ஒரு கற்றாழை. இத்தனைக்கும் நடுவில், போர்வையில் சுற்றி, நான் உண்மையில் வாங்கப் போன பொருள்: ஒரு வீடியோ கேம் பெட்டி.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓசூர், திருப்பூர், கேரளாவில் கொஞ்ச நாள் லோடு இறக்கும் வேலை என்று சுற்றியவன். பட்டினி கிடந்ததும் உண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. அக்கா மகள் கவிதாவுக்கு மட்டும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். பத்தாவது பாஸ் பண்ணினால் கேம் பெட்டி என் பொறுப்பு. (நான் எட்டிக்கூடப் பார்க்காத வகுப்பை அவள் தாண்டிவிடுவாள் என்று எதிர்பார்க்கவில்லை.) தாண்டிவிட்டாள். மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், சோற்றைப் பிசைந்தபடியே அவளிடம் சொன்னார்: "அவன் சொன்னத நம்பிக்கினு இருக்காத பாப்பா. நாளைக்கே எங்கனா பஸ் ஏறிடுவான்."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் இன்னும் கொஞ்சம்.

வடலூரில் விசாரித்தேன், கடலூரில் விசாரித்தேன், போனில் தேடினேன். எந்த விலையும் என் திருப்பூர்ச் சம்பளத்துக்கு எட்டவில்லை. கடைசியில் எங்கள் சுரங்க நகரியத்து வழக்கம் ஒன்று ஞாபகம் வந்தது. ரிட்டயர் ஆனவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது பாதிச் சாமானை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அடுத்த பிளாக்கில் ஒரு பெரியவர் காலி செய்கிறார், வெளிநாடு போன மகனின் கேம் பெட்டி சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். டிவியில் போட்டுக் காட்டினார். நன்றாகவே ஓடியது. அவர் அலுத்துப்போகும்வரை பேரம் பேசினேன்.

"இந்த வெலைக்கே குடுக்கறேன். ஆனா இந்தக் கட்டிலு, சோபா எல்லாத்தியும் சேத்து அள்ளிக்கினு போயிடணும்."

அப்படித்தான் அந்த ஊர்வலம். ஷிஃப்ட் விடும் நேரம். பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நான் கைகூட அசைத்தேன்.

அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் மார்க்கெட் போயிருந்தாள். சாமான்களை வாசலில் இறக்கிவிட்டு, கேம் பெட்டியைக் கவிதாவிடம் கொடுத்தேன். அவள் டிவி பக்கம் ஓடினாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் தெருவே வாசலில் நின்றது. எங்கள் ஊரில் கட்டிலும் கிரைண்டரும் வாசலுக்கு வந்தால் ஒரே அர்த்தம்தான். வீடு காலியாகிறது.

"மச்சானுக்கு டிரான்ஸ்பராமே, சொல்லவே இல்ல தம்பி. கிரைண்டரு என்ன வெல?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு வசந்தா.

யோக்கியன் என்றால் டிரான்ஸ்பர் இல்லை என்று சொல்லியிருப்பான். நான் விலையைச் சொன்னேன். கிரைண்டர் போனது, கட்டில் போனது, சோபா போனது. கற்றாழைக்குக்கூட இரண்டு பேர் போட்டி. கேம் பெட்டிக்குக் கொடுத்த பணம் முழுதும் திரும்பிவிட்டது! அந்த வேகத்தில் யாரோ வராண்டாவில் கிடந்த ஒன்றைக் காட்டி "இது?" என்றார்கள். அதற்கும் ஒரு விலை சொன்னேன்.

மச்சான் பஸ் இறங்கி வந்தார். வழியெல்லாம் அவரிடம் டிரான்ஸ்பருக்குத் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். எதிரே வசந்தா ஒரு பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். டூட்டி முடிந்து வந்ததும் அவர் சாயும் நாற்காலி. வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"நான் எங்கடா ஒக்கார்றது?"

திருப்பிக் கேட்கப் போனேன். காசு கொடுத்த பொருளைத் தர முடியாது என்றாள் வசந்தா. அந்த நேரம் எங்கள் ஜன்னலிலிருந்து கார் உறுமும் சத்தம் வந்தது. என்னவென்று வந்து எட்டிப் பார்த்தவள், டிவியில் கவிதா ஓட்டிய காரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம என்னையும் ஓட்ட வுடச் சொல்லு. நாற்காலிய எடுத்துக்கினு போ."

அன்றைக்கு நான் முடித்த வியாபாரங்களில் அதுதான் மலிவு. மச்சான் நாற்காலியில் சாய்ந்து, மகள் கார் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கிக் குடுத்துட்டான்" என்றார், நம்ப முடியாதவரைப் போல.

தன் ஓட்டைச் சாமானெல்லாம் ஒரே சாயங்காலத்தில் விற்றுப்போனதைக் கேட்டு அந்தப் பெரியவர் ஆள் அனுப்பினார். அவருடைய நண்பரும் வீடு காலி செய்கிறாராம், விற்றுத் தர முடியுமா என்று. மறுநாள் காலையே அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். நான் விட்டு ஓடாத ஒரே வேலை அதுதான். அன்று மச்சானுக்கு ஆஃப். நான் வண்டியை எடுக்க வாசலுக்கு வந்ததும் அக்கா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். இன்றைக்கும் நான் அந்த வீட்டுக்குப் போனால் முதலில் கேட்பது அதே குரல்தான்:

"ஏங்க, தம்பி வண்டியோட நிக்கறான். சீக்கிரம் வந்து நாற்காலில ஒக்காருங்க."