முதல் வரிக்கு அனுமதி

இந்தக் கதையை நான் கண்ணால் பார்க்கவில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு காப்பிக்கடையில் ஒருவர் சொன்னார். தம் பெயர் வெளியே வரக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். சர்க்கார் ஊழியர், பயம் நியாயம்தான்.

1953 வாக்கில் சுயசரிதை எழுதுவது ஒரு காய்ச்சலாகப் பரவியிருந்தது. சிறைக்குப் போனவர்கள் எழுதினார்கள். போக இருந்து, ஜலதோஷத்தால் போகாமல் நின்றவர்களும் எழுதினார்கள். குருவிகுளம் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து முதல் பி.ஏ.வாகக் கிளம்பி, ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாகியிருந்த துரைப்பாண்டிக்கும் ஆசை வந்தது. வயது இருபத்தைந்து. வாழ்க்கை இன்னும் நடக்கவில்லை என்பது அவனுக்குத் தடையாகத் தோன்றவில்லை. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதுதான் கவலை. நாலு நாள் யோசித்து, ஒன்றையும் மறைப்பதில்லை என்று தீர்மானித்தான். அங்கேதான் வினை.

‘சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவன்று, தபசுக் காட்சிக் கூட்டத்துக்கு நடுவே நான் பிறந்தேன்’ என்று ஆரம்பித்தான். அவன் தாயார் முத்துமாரியம்மாள் சொன்னது அப்படித்தான்.

சர்க்கார் ஊழியர் புத்தகம் போட மேலிடத்து அனுமதி வேண்டும். கையெழுத்துப் பிரதி ஹெட்கிளார்க் சங்கரநயினாரிடம் போயிற்று. அவர் முதல் வரியைத் தாண்டவில்லை.

“என்னவே, உம்ம எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்திலே ஜூன் ஒண்ணாம் தேதின்னுல்லா இருக்கு?”

“அது வாத்தியார் போட்டது அண்ணாச்சி. கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் அந்தப் பக்கத்துக் காதைத் தொட்டேன். அஞ்சு வயசு ஆயிட்டுன்னு சொல்லி, பள்ளிக்கூடம் திறந்த தேதியையே எழுதிக்கிட்டாரு.”

“அப்ப பொய்த் தேதியிலே உத்தியோகத்துக்கு வந்திருக்கீரு?”

துரைப்பாண்டி பேனாவை எடுத்தான். ஏழு தலைமுறையில் அந்த வீட்டுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம்.

“அந்த வரியை அடிச்சிருதேன் அண்ணாச்சி.”

“எப்படிவே அடிப்பீரு? ஃபைல் நம்பர் போட்டாச்சே!”

ஆபீசர் குற்றாலநாதன் தாயாரை வரவழைத்து விசாரித்தார்.

“ஆடித்தபசன்னைக்குப் பிறந்தான்னு என்னம்மா ஆதாரம்?”

“பெத்தவ நாந்தானே சாமி? காகிதமா பெத்துது?”

‘பிரசவத்துக்குத் தாயாரைத் தவிர வேறு ஆதாரம் இல்லை’ என்று குறிப்பு எழுதப்பட்டது.

ஹெட்கிளார்க்தான் வழி கண்டுபிடித்தார். ரெக்கார்டில் ஏறிய தேதியை மாற்ற முடியாது. ரெக்கார்டில் ஏறாத திருவிழாவை மாற்றலாம். ‘மேற்படி ஆண்டில் ஆடித்தபசு ஜூன் முதல் தேதி நடைபெற்றதாகக் கருதுவதில் ஆட்சேபமில்லை’ என்று உத்தரவு தயாராயிற்று.

“ஜூன்லே ஆடி மாசம் வராதே அண்ணாச்சி?” என்றான் துரைப்பாண்டி.

“அதுவும் உம்மைப்போல ரெக்கார்டுபடி பிறந்துட்டுப் போகுது. உமக்கென்னவே?”

ஆபீசர் முறை தவறாதவர். கையெழுத்துப் போடுமுன், இதே குற்றம் வேறு யாரிடமாவது உண்டா என்று பார்க்க, ஆபீசிலிருந்த எல்லாருடைய சர்வீஸ் புத்தகங்களையும் கேட்டார். ஒரு மணி நேரம் கதவு சாத்தியிருந்தது. திறந்தபோது ஃபைல் முடிந்திருந்தது: ‘நூலாசிரியர் பிறந்த விவரம் பொதுநலன் கருதி நீக்கப்படுகிறது.’

வேலை பிழைத்தது. புத்தகமும் வந்தது. ‘நான் பி.ஏ. தேறினேன்’ என்று தொடங்கியது. தாயாருக்கு வாசித்துக் காட்டினான். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

“ஏலே, அப்ப உன்னைப் பெத்தது யாருலே?”

பிற்பாடு எனக்கும் அதே ஆபீசில் வேலை கிடைத்தது. கதை மெய்தானா என்று சீனியாரிட்டி லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். ஆபீசரையும் சேர்த்துப் பதினேழு பேர். பதினாலு பேர் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள். அதில் கடைசிப் பெயர் என்னுடையது.