டேங்குக்குப் போர்த்திய போர்வை

இந்தக் கோடையில் ஒரு நாளாவது குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்தேன்.

எனக்குத் தொழில் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பது. ஊரில் பாதிப் பேர் வீட்டுப் பாலும் காய்கறியும் என் கையால்தான் கெடாமல் இருக்கின்றன. நான்தான் கெட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால், யாரோ குடித்து மீதி வைத்த டீ மாதிரி வெதுவெதுவென்று வரும். குளிக்கும்போதே வியர்க்கும். துடைப்பது தண்ணீரையா வியர்வையையா என்று துண்டுக்கே தெரியாது.

“ஏங்க, மொட்டைமாடியில கறுப்பு டேங்க். நாள் பூரா வெயில். அப்புறம் எப்படிச் சில்லுனு வரும்?” என்றாள் மனைவி.

“குளிர் விஷயத்துல எனக்கே பாடமா?”

“சேச்சே. உங்களுக்கு யாரால பாடம் எடுக்க முடியும்?”

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விடுமுறையன்று உச்சி வெயிலில் மாடி ஏறினேன். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளில் மிஞ்சிய தெர்மாகோலை எல்லாம் டேங்கைச் சுற்றிக் கட்டினேன். மேலே ஒரு பழைய கம்பளியையும் போட்டு இறுக்கினேன். கீழ்வீட்டுத் தையல்காரர் அண்ணாந்து பார்த்தார்.

“என்ன சார், டேங்குக்குக் காய்ச்சலா?”

“வெயில் உள்ள போகாம இருக்க.”

“அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. கழுத்துதான் கொஞ்சம் டைட்டு.”

கொதித்துக் கிடந்த தண்ணீரை அப்படியே பொதிந்து கட்டிவிட்டேன் என்பது மறுநாள் விடிந்ததும் தெரிந்தது. அதுவரை மத்தியானம் மட்டும் சுட்ட குழாய், அன்று காலையிலும் சுட்டது. மனைவியின் முகம் அதைவிடச் சுட்டது.

“விடிகாலைத் தண்ணி ஒண்ணுதான் உருப்படியா வந்துட்டிருந்துச்சு. அதையும் கெடுத்தாச்சா? முதல்ல அவிழ்த்துப் போடுங்க. டேங்குக்கு மேல பந்தல் போட்டாலே போதும்.”

“சரி, சின்னதா ஒண்ணு.”

“வெயில் என்ன, நேராவா வரும்? சாய்ஞ்சும் வருமே. இந்தப் பக்கம் இழுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்.”

இழுத்தேன். கட்டி முடித்தபோது டேங்க் ஒரு மூலையில் இருந்தது. மீதிப் பந்தல் எங்கள் படுக்கையறைக்கு மேலே நின்றது.

அடுத்த நாள் மத்தியானம் ஆசையோடு ஓடிவந்தேன். குளியலறை தாழிட்டிருந்தது. கதவு திறந்து மனைவி வெளியே வந்தாள். கையில் மயிர்க்கூச்செறிந்திருந்தது.

“உஸ்... என்ன குளிருங்க!”

ஜெயித்துவிட்டேன்! சட்டையைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே பாய்ந்து குழாயைத் திறந்தேன்.

வெதுவெதுவென்று வந்தது. டேங்க் நிழலில்தான் இருந்தது. அதிலிருந்து வரும் குழாய் வெயில் காயும் சுவர் நெடுக இறங்கி வருவதை நான் யோசித்திருக்கவில்லை.

“அடியே! உனக்கு மட்டும் எப்படிக் குளிருச்சு?”

“அந்தக் குழாய்ல யாரு குளிச்சா? நான் ஹீட்டர் குழாய்லதானே குளிச்சேன்.”

“ஹீட்டரா? அதைத்தான் கோடை பிறந்ததுமே அணைச்சாச்சே!”

“அதனாலதான். விடிகாலையில டேங்க் தண்ணி ஆறிக் கிடக்கும். அப்போ ஹீட்டர்ல இருக்கிற பழைய தண்ணிய வாளியில பிடிச்சுத் துணி துவைக்க எடுத்துப்பேன். உள்ள புதுசா சில்லுனு நிரம்பிடும். சூட்டை வெளிய விடாத பெட்டி, வெளிச்சூட்டை உள்ள விடுமா? உங்க ஃப்ரிட்ஜ் கதவும் அப்படித்தானே?”

கோடை முழுக்க குளியலறைச் சுவரில் என் தலைக்கு மேலே ஒரு குளத்தை மாட்டிவைத்துவிட்டு, நான் மாடியில் வெந்திருக்கிறேன்.

“முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா பந்தல் போட்டிருப்பீங்களா? மூணு வருஷமா கேட்டேன். நேத்துதான் பெட்ரூம்ல மனுஷியாத் தூங்கினேன்.”

விவாதிக்க நேரமில்லை. ஹீட்டர் குழாயைத் திருகித் தலையை நீட்டினேன். அதுவும் வெதுவெதுவென்றே வந்தது.

“அதுல ஒரு ஆளுக்குத்தாங்க பத்தும்,” என்றாள் வெளியிலிருந்து. “இப்போ அதுக்குள்ள டேங்க் தண்ணி இறங்கியிருக்கும்.”

“சரி. நாளைக்கு நான்தான் முதல்ல.”

“நாளைக்கா? நாளைக்கு நான் தலைக்குக் குளிக்கணுமே.”