தாம்பரத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு

"ஏன்னா, ஏழு இருபது போயிடுத்து. நீங்க போகலையா?" என்று சமையலறையிலிருந்து வசுமதி கேட்டாள்.

"போயிண்டுதானே இருக்கேன். தாம்பரத்துக்கு முன்னால சிவப்பு விழுந்திருக்கு" என்றான் பத்ரி.

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். அசல் மின்சார ரயில் பத்ரி இல்லாமலேயே செங்கல்பட்டைவிட்டுக் கிளம்பிவிட்டது. அதே ரயிலைக் கணினியில் அவன் தாம்பரம்வரை ஓட்டிவந்திருந்தான். தினமும் விடிந்ததும் குளித்து, திருமண் இட்டு, ஒரே ஒரு ஆட்டம் என்று உட்காருவான். அந்த ஒரே ஒரு ஆட்டத்தில்தான் அசல் ரயில் போய்விடும்.

ரயில் ஓட்டும் விளையாட்டுக்குள் செங்கல்பட்டுப் பாதையைக் கட்டிப் போட்டவனே அவன்தான். 2003-ல் அது பெரிய வேலை. 'ரயில்பித்தன்' என்ற புனைபெயரில் இணையத்தில் விட்டிருந்தான். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் நூறு மார்க். ஆனால் யாரும் தொண்ணூறைத் தாண்ட முடியாது. ஏனென்றால் ஒருநாள் அவன் போன வண்டி தாம்பரத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. அந்த ஒருநாள் சிவப்பை விளையாட்டில் நிரந்தரமாக்கி, அதற்கு யதார்த்தம் என்று பெயரும் வைத்துவிட்டான் மகானுபாவன்.

'கடலலை' என்று ஒருவர் மின்னஞ்சலில் கெஞ்சிப் பார்த்தார்: "அந்தச் சிவப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். நூறு வாங்கவே முடியவில்லை."

"நேரத்துக்குப் போக ஆசையென்றால் பொம்மை ரயில் வாங்கிக்கொள்ளவும்" என்று பதில் போட்டான் பத்ரி.

அன்றும் எழும்பூர் அலுவலகத்துக்குத் தாமதம். அது ஒரு சுற்றுலா நிறுவனம். மேலாளர் சௌந்தரவல்லி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு என்ன பத்ரி?"

"தாம்பரத்துக்கு முன்னால நிறுத்திட்டான் மேடம்."

மேலாளர் தன் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார். திரையில் செங்கல்பட்டு நிலையம். மேலே மஞ்சள் எழுத்தில் 'ஸ்தலசயனப் பெருமாள் துணை'. பெருமாளைக் கூப்பிடாமல் பத்ரி எந்தக் காரியத்தையும் தொடங்கமாட்டான். விடுப்புக் கடிதமானாலும் சரி, விளையாட்டானாலும் சரி.

"உங்க ஊர்க்காரர் யாரோ பண்ணியிருக்கார். இதுலயும் தினம் அதே இடத்துல நிக்குது. தினம் நிக்கும்னு தெரிஞ்சா முந்தின வண்டியில வரவேண்டியதுதானே? மாமல்லபுரத்துல கிளை திறக்கறோம். அதை உங்ககிட்ட குடுக்கலாம்னு இருந்தேன். இந்தச் சிவப்பு விளக்கு இருக்கறவரைக்கும் எப்படிக் குடுக்கறது?"

பத்ரிக்கு உயிரே அந்த மாமல்லபுரம்தான். வசுமதி அங்கே பள்ளியில் ஆசிரியை. அவன் அங்கே போய்விட்டால் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் வரலாம். கல்யாணமானதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து காலைக் காப்பி குடித்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

விளையாட்டைச் செய்தது நான்தான் என்று சொன்னால், தாமதத்தின் காரணமும் வெளியே வந்துவிடும். வீட்டுக்கு வந்து யோசித்தான். தினம் ஒரே இடத்தில் நிற்பதுதானே வம்பு? வண்டி எங்கே எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாதபடி மாற்றி, புதிய பதிப்பை ஏற்றினான்.

மறுநாள் மேலாளரின் முகம் இருண்டு கிடந்தது.

"புதுசு வந்திருக்கு பார்த்தீங்களா? சிங்கப்பெருமாள்கோயில்ல நிக்குது, மறைமலைநகர்ல நிக்குது, பெருங்களத்தூர்ல நிக்குது. ஒரு மனுஷி எப்படித்தான் ஓட்டறது?" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அதாவது, ஒரு மனுஷன் எப்படித்தான் வர்றது? செங்கல்பட்டு ஆளை நம்பிக் கிளைச் சாவியைக் குடுக்க முடியாது போலிருக்கே."

காப்பி கொண்டுவந்த செங்கம்மாள் திரையை எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

அன்று சாயங்காலம் பத்ரி கல் மனசோடு உட்கார்ந்தான். எல்லாச் சிவப்பையும் எடுத்தான். பெற்ற பிள்ளையைப் போல் வளர்த்த தாம்பரம் சிவப்பையும் எடுத்தான். கண்ணில் நீர் முட்டியது.

"எதுக்குன்னா அழறேள்?" என்றாள் வசுமதி.

"எல்லா ரயிலும் நேரத்துக்குப் போறது."

"நல்ல விஷயம்தானே?"

அவளுக்கு யதார்த்தம் புரியாது என்று விட்டுவிட்டான்.

மறுநாள் காலை புதுப் பாதையைச் சரிபார்க்க ஒரே ஒரு ஆட்டம் ஆடினான். அசல் வண்டி போய்விட்டது. திருட்டு முழியோடு மேலாளர் அறைக்குள் போனான். அதிசயம், மேலாளர் சிரித்தார். அந்த அலுவலகத்தில் அப்படியொரு சிரிப்பை அவன் பார்த்ததில்லை.

"இப்ப எந்த வண்டியும் எங்கயும் நிக்கறதில்லை பத்ரி. இன்னிக்கு என்ன காரணம்?"

சொந்தக் கையாலேயே சொந்தக் காரணத்தை அழித்துவிட்டு வந்திருந்தான் பத்ரி.

"சரி போங்க. நாளைக்குக் காலையில பார்த்துட்டு மாமல்லபுரம் விஷயம் சொல்றேன்."

நாளைக்குக் காலை நம்மைத்தான் கண்காணிக்கப்போகிறார் என்று பத்ரி நடுங்கிப்போனான். மறுநாள் கணினிமேல் போர்வையைப் போர்த்திவிட்டு, இருட்டோடு கிளம்பி, முதல் வண்டியைப் பிடித்தான். அலுவலகத்தைத் திறக்க வந்த செங்கம்மாள் வாசலில் அவனைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

பத்து மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். மாமல்லபுரம் உத்தரவைக் கையில் கொடுத்து, கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்ரிக்குத் தலைகால் புரியவில்லை. வசுமதிக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவள் பேசமுடியாமல் சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் செங்கம்மாள் லட்டுத் தட்டோடு வந்தாள். பத்ரி காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"பாத்தியா செங்கம்மா, ஒரே ஒருநாள் நேரத்துக்கு வந்தேன். மேடம் லட்டே குடுத்துட்டாங்க."

"நீ எப்ப வந்தேன்னு மேடத்துக்குத் தெரியவே தெரியாது சார்" என்றாள் செங்கம்மாள். "இன்னிக்குக் காலைல அவங்களுக்கு நூத்துக்கு நூறு வந்துச்சாம், லட்டு அதுக்கு. பெருமாள் துணைன்னு பாத்த அன்னிக்கே நீதான்னு கண்டுகினாங்க. மாமல்லபுரம் போனா வூட்ல நெறய நேரம் கெடைக்குமாமே, அடுத்து அரக்கோணம் லைனப் போட்டுக் குடுக்கச் சொன்னாங்க, செகப்பு வெளக்கு இல்லாம."