இரண்டாம் தடவை வந்த சொல்

பாரசீக மன்னர் ஷாவின் இஸ்பஹான் அரண்மனை நூலகத்துக்கு மிர்ஸா ஷாபூர் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தார். புத்தகம் படிக்கும் பழக்கம் அவருக்கு இல்லாததால், பாரபட்சமின்றி நிர்வாகம் செய்வார் என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஏடுகளில் பொன்சித்திரம் தீட்டும் பக்தியார் அப்போது ஒரு பெரிய நூலை முடிக்கும் தறுவாயில் இருந்தார். முன்பாதி சபை மரியாதை, பின்பாதி குதிரை வைத்தியம். ஓரமெல்லாம் தங்கக் கொடியும் நீலப் பூவும். மூன்று வருட உழைப்பு. குறையென்று யாராவது சொல்லிவிட்டால் வேலை போய்விடும்.

மிர்ஸா ஒரு பக்கத்தின் அடியில் விரல் வைத்தார்.

"இங்க கீழ தனியா 'வலது'ன்னு இருக்கு. புரட்டினா முதல் சொல்லும் 'வலது'. ஒரே சொல்லு எதுக்கு ரெண்டு தடவை?"

"அது ஏடு தைக்கிறவருக்கு அடையாளம், மிர்ஸா. அதைப் பார்த்துத்தான் பக்கத்தை வரிசையா சேர்ப்பார்."

"ஷா படிக்கிற புத்தகத்துல தையல்காரனுக்கு எதுக்குய்யா கடுதாசி?"

மறுநாளே ஆணை வந்தது: 'எச்சொல்லும் இருமுறை தோன்றக் கூடாது, அறவே தோன்றக் கூடாது.' பக்தியார் அடிச்சொல் ஒவ்வொன்றின்மீதும் பெருமூச்சு விட்டபடி ஒரே மாதிரித் தங்கப் பூவை வரைந்தார். ஏடு தைப்பவருக்குப் படிக்கத் தெரியாது. சொல்லோடு சொல்லை ஒப்பிட்டுப் பிழைத்தவர். இப்போது பூவோடு பூவை ஒப்பிட்டுத் தைத்து முடித்தார்.

நவ்ரூஸ் புத்தாண்டு அன்று வெளிநாட்டுத் தூதர் வந்தார். மிர்ஸா நூலை விரித்துக் கம்பீரமாக வாசித்தார்: "தூதர் சபைக்குள் வந்ததும் அவருடைய... பின்னங்காலைத் தூக்கி லாடத்தைச் சோதிக்க வேண்டும். பிறகு பல்லைப் பார்க்க வேண்டும்."

பக்தியார் மிர்ஸாவின் பக்கம் சாய்ந்தார். "மிர்ஸா, குதிரைப் பக்கம் நடுவுல வந்துடுச்சு," என்று காதோரம் சொன்னார்.

"தங்கத்துல பூ போட்டது எப்படிய்யா தப்பாகும்?"

"மனுஷனுக்கு ஏது பின்னங்கால்?"

"நடக்கும்போது எது பின்னால இருக்கோ, அது."

தூதரோ, மரியாதை தெரியாதவன் என்று பெயர் வாங்கக் கூடாதே என்று காலைத் தூக்கினார். பல்லையும் காட்டினார். அறுவடைக்குள் அது நாகரிகமாகிவிட்டது. பெரிய வீடுகளில் விருந்தாளிகள் வாசலிலேயே ஒற்றைக்காலில் நின்றார்கள். காலணியின் அடியில் பொன்பூச்சு இல்லாதவருக்குப் பெண் கிடைப்பதே கஷ்டமாயிற்று.

அத்தகைய அரிய நூலைச் செய்ததற்காக பக்தியாருக்கு அங்கி போர்த்த அழைத்தார்கள். அவர் நெஞ்சில் கைவைத்துப் பழையபடி குனிந்தார். சபை முகம் சுளித்தது.

"இந்த நூலைச் செஞ்சவனுக்கே மரியாதை தெரியலையே. வேற ஆளைப் பார்க்கலாமா?" என்றார் ஷா.

பக்தியார் தூணைப் பிடித்துக்கொண்டு சட்டென்று காலைத் தூக்கினார். யாரும் கேட்பதற்கு முன்பே வாயையும் திறந்தார்.

ஷா எட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தார். "இருக்கட்டும். இன்னும் பத்து வருஷம் உழைப்பான்."