முன்னுரையில் போன உயிர்

கட்டிய கணவரைக் கொல்ல ஒரு முன்னுரை போதும். நான் கொன்றிருக்கிறேன், ஹரோ வீட்டில் இருந்துகொண்டே.

என் முதல் கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பாளருக்கு அனுப்பும் அவசரம். கட்டுரைகளை நானே எழுதியிருந்தேன். (சத்தியமாக.) முன்னுரைதான் வரமாட்டேன் என்றது. செயற்கை நுண்ணறிவிடம் நாலு வரி கொடுத்து, உருக்கமாக எழுதச் சொன்னேன். எழுதியது. "இன்னும் உருக்கமாக" என்றேன். அதுவும் போதவில்லை. "வாசிப்பவர் அழவேண்டும்" என்றேன். வந்ததை மேலோட்டமாகப் பார்த்தேன், நல்ல நீளம். (நீளத்தைப் பார்த்து இலக்கியத்தை எடைபோட்ட காலம்.) அப்படியே அனுப்பிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அழைப்புமணி அடித்தது. அரைக்காற்சட்டையோடு போய்க் கதவைத் திறந்தவர் என் கணவர் சிவா. வாசலில், நகரின் மறுகோடி வால்தம்ஸ்டோவிலிருந்து வந்த பதிப்பாளரும் அவர் மனைவியும். அந்த அக்கா வெள்ளைச் சேலை உடுத்திருந்தார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே என்று ஒரு பெட்டி நிறைய இடியப்பம் அவித்துக் கொண்டுவந்திருந்தார்.

பதிப்பாளர் சிவாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் அவரின்ர தம்பியோ?"

"ஆரின்ர?"

"சிவாவின்ர."

"நான்தான் சிவா."

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த நான் பாதியில் நின்றேன்.

பதிப்பாளர் பையிலிருந்து முன்னுரையை எடுத்து நீட்டினார். சிவா நின்றபடியே உரக்க வாசித்தார். "என் முதல் வாசகரான சிவா இன்று இவ்வுலகில் இல்லை. அவர் விட்டுச்சென்ற மௌனத்தில்தான் இந்நூல் பிறந்தது..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சி, இதென்ன?" என்றார் பதிப்பாளர்.

கணவரைக் கொன்றவள், அல்லது சொந்த முன்னுரையைக்கூட எழுதத் தெரியாதவள். இரண்டில் ஒன்றாக நான் இருந்தாக வேண்டும். முதலாவதே கௌரவமாகப் பட்டது.

"அது ஒரு இலக்கிய உத்தி அண்ணை."

சிவா என்னை நிமிர்ந்து பார்த்தார். "கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில நீர் என்னைப்பற்றி இப்பிடி ஒரு வரி சொன்னதில்லை. இதைக் கேட்கிறதுக்கு நான் சாகவேண்டிக் கிடக்கு. ஆனா நல்லா எழுதியிருக்கிறீர்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் எழுதேல்லை. கொம்பியூட்டர் எழுதினது."

வீடு அப்போதுதான் உண்மையில் செத்தவீடாயிற்று.

"அப்ப கட்டுரையளும்?" என்றார் பதிப்பாளர் மெதுவாக.

"இல்லை அண்ணை, அதுகள் என்ர."

"ஓம். கையால எழுதின தாள்கள் இருந்தால் ஒருக்காக் காட்டும், பாப்பம்."

அடித்தல் திருத்தல்களும் எழுத்துப்பிழைகளும் நிறைந்த தாள்களை ஒவ்வொன்றாக அவர் முன் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படிக் குனிந்து நின்றதில்லை. பக்கத்தில் அந்த அக்கா எல்லோருக்கும் இடியப்பம் பரிமாறினார். அதிகம் சாப்பிட்டவர் காலமானவர்தான்.

முன்னுரையை நானே திரும்ப எழுதினேன். நாலே வரி. யாரும் அழவில்லை. புத்தகம் வந்தது.

சிவாதான் இன்னும் உயிர்த்தெழவில்லை. கலியாண வீடுகளில், "நான் இவவின்ர காலஞ்சென்ற கணவர்" என்று கை கொடுக்கிறார். குப்பைத்தொட்டியை வெளியே வைக்கச் சொன்னால், "செத்த மனிசனிட்ட வேலை வாங்கலாமோ?" என்கிறார்.

தொட்டியை நான்தான் இழுத்துக்கொண்டு போகிறேன்.